பதினேழாம் நம்பர் எலியும் ஊறுகாய் பாட்டிலும்

“…அதனால இந்த ஊறுகாய் பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க அண்ணே. கீறலை மாத்திப் போட்டது நீங்கதான்னா, நான் இதைத் திறக்கவே மாட்டேன். உங்க மேல கோபப்படவும் மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த ஆய்வு மாணவியும் நானும் மட்டும் இருந்தோம். எங்களுக்கு நடுவே மேஜைமேல் ஒரு பாட்டில். ஒரு காலத்தில் அதில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தது. அன்றைக்கு இருந்தது ஓர் எலியின் மண்டையோடு. புதன்கிழமை வெளியூர் மாநாட்டில் அவர் முதல் தடவையாக மேடை ஏறப்போகிறார். அந்தப் பேச்சு நிற்குமா விழுமா என்பது அந்த மண்டையோட்டில் இருந்தது. அதைவிடச் சுருக்கமாக, என் வாயில் இருந்தது.

நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்வதற்கு முன்னால், எலி மூளைக்கும் பட்டாபிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என் மச்சான் மாதிரி நடுவில் கை தூக்குவீர்கள்.

எண்பதுகளின் பின்பாதி அது. வீடு சென்னையை ஒட்டிய பட்டாபிராமில். வேலை நகரத்தில், ஒரு மூளை ஆராய்ச்சிக் குழுவில். படித்தது பத்தாவது வரைக்கும். எலிக்கூண்டு கழுவுவதற்காகத்தான் சேர்ந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே மூளையைச் சீவக் கற்றுக்கொண்டேன். வெங்காயத்தின் உட்தோல் இருக்கிறதே, அவ்வளவு மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, தூரிகையால் கண்ணாடித் துண்டின்மேல் ஏந்தி எடுக்க வேண்டும். கை நடுங்கினால் போச்சு. தும்மினால் இரண்டு வார வேலை பறந்துபோகும்.

குழுவின் தலைவர் ஒரு டாக்டர். “மூளை ஆராய்ச்சியா சார்!” என்று யாராவது வாயைப் பிளந்தால், “அதுவும் கல்லீரல் மாதிரி ஓர் உறுப்புதாங்க. என்ன, அலட்டல் கொஞ்சம் ஜாஸ்தி” என்பார். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். யார் எந்த நாளில் எதற்காகச் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து எழுதிக்கொள்வேன். என் மனைவி அதை ‘ஊர்வாய் நோட்டு’ என்பாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

மாநாடுகளுக்கு டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஸ்லைடு பெட்டியை வேறு யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனம் வராது. அந்தக் காலத்தில் பேச்சு என்றால் ஸ்லைடுதான். வட்டத் தட்டு ஒன்று, அதைச் சுற்றிலும் பல் பல்லாக இடம், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு, அதுவும் தலைகீழாக. தலைகீழாக வைத்தால்தான் சுவரில் நேராக விழும். நேராக வைத்துவிட்டு மானம் போன பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாநாட்டில் ஒருவருடைய எலிகள் எல்லாம் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டே ஓடின. அவர் கடைசிவரை கவனிக்கவில்லை.

மாநாட்டின் அழகு டீ இடைவேளையில்தான் என்று நினைப்பவன் நான். கழுத்தில் பெயர்ச்சீட்டு, கையில் சமோசா, பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்காமல் சீட்டை மட்டும் படிக்கிற கண்கள். பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்க எழுந்திருப்பார்கள். கேள்வி வராது, அவர்களுடைய வாழ்க்கை வரலாறு வரும். டாக்டர் என் காதோரம், “இவர் கேக்க வரலை, கேட்டுக்கிட்டு இருக்கச் சொல்றார்” என்பார்.

அப்படி ஒரு மாநாட்டில், சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தில் எங்கள் டாக்டருக்கே ஒரு சோதனை வந்தது. அவர் பேசப் பேச, பின் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகச் சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டு நழுவினார்கள். முடிக்கும்போது அரங்கத் தலைவரும் ஸ்லைடு தள்ளுகிற நானும் மிச்சம். திரும்பி வரும் ரயிலில் திடீரென்று கேட்டார்: “உங்க ஊர்ல ஒரு ஹால் கிடைக்குமா? நம்ம சங்கதி ஒண்ணுமே தெரியாத பத்துப் பேர் கிடைப்பாங்களா?”

“ஹாலுக்குத்தான் சார் கேட்டுப் பார்க்கணும். தெரியாதவங்க எத்தனை பேர் வேணும்னாலும் கிடைப்பாங்க” என்றேன்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. எந்த மாநாடாக இருந்தாலும் அதற்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் ஒத்திகை. புரொஜக்டரைப் போர்வையில் சுற்றி, குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, சென்ட்ரலிலிருந்து ரயிலில் வருவார்கள். பட்டாபிராமில் தமிழில்தான் பேச வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். “தமிழ்ல சொல்ல வரலைன்னா நமக்கே புரியலைன்னு அர்த்தம். மாநாட்டுல இங்கிலீஷுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம், இங்கே முடியாது.” பக்கத்து ராணுவக் கிடங்குக்குக் கூட்ஸ் வண்டி போகும்போது பேச்சை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அதையும் அவர் பயிற்சியில் சேர்த்துவிட்டார்.

ஜன்னல்களுக்கு ஜமக்காளம் கட்டுவோம். திரைக்குப் பாடகர் குழு அக்கா வீட்டுப் படுக்கை விரிப்பு. திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கத்துக்காரர் அவர். கணவருக்கு ஆவடி டேங்க் பாக்டரியில் வேலை. துணிக்கு நீலம் போடுவதில் கை தாராளம், அதனால் எங்கள் மூளைப் படங்கள் எல்லாம் இளநீலமாக விழும். “வெளிநாட்டுச் சாயம் போட்ட மாதிரி இருக்கு” என்று டாக்டர் பூரித்துப்போவார். மாநாட்டில் ஒரு பேச்சுக்குக் கொடுக்கிற எட்டு நிமிடம் ஆனதும் ஞாயிறு பள்ளி மணியை அடிப்பதும் அந்த அக்காதான். டாக்டர் என்று பார்க்க மாட்டார், பாதிரியார் என்றும் பார்க்க மாட்டார்.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவர் வந்ததே எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்காகத்தான். குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு ஹாலில் வந்து உட்காருவார். பாக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. செய்து வைத்த இரும்புச் சாமான் அளவுப்படி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, இல்லாததைத் தள்ளி வைப்பது. “நூறு பீஸ்ல தொண்ணூத்தொம்போது கரீட்டா கீதுன்னு வெச்சிக்கோ மச்சான், அது யாருக்கோ. அந்த ஒண்ணுதான் நம்ம சொந்தக்காரன்” என்பார். நோட்டில் இருக்கிறது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதுவரை மேடையில் டாக்டரே பேசிக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் ஆய்வு மாணவியின் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று வருட உழைப்பு. வீட்டில் ‘இன்னும் எத்தனை நாள் எலியோட?’ என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள் என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை மாலை ரயில், புதன்கிழமை பேச்சு. அதற்காகத் தைத்த ரவிக்கையையே ஒத்திகைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பேச்சை அழகாக ஆரம்பித்தார். “நம்ம மூளையோட இடது பாதிதான் வலது கையை ஆட்டுவிக்கிறது. எலிக்கும் அப்படித்தான். ஒரு சந்து வழியா வலது கையை விட்டுப் பொட்டுக்கடலை எடுக்கறதுக்கு எங்க எலிகளைப் பழக்கினோம். அப்புறம் மூளையோட இடது பாதியில ஒரு சின்ன இடத்தைப் பழுதாக்கினோம். வலது கை துவண்டு போச்சு. தினமும் பயிற்சி கொடுத்தா அந்தக் கை திரும்ப வருமா? இதுதான் கேள்வி.”

“வந்துச்சா?” என்றார் அக்கா, மணியைக் கையில் பிடித்தபடி.

“எல்லா எலிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு. பதினேழாம் நம்பருக்கு நாலே நாள்ல முழுசா வந்துடுச்சு!”

பதினேழுதான் எங்கள் குழுவின் ராஜா. மற்ற எலிகள் கடலையைத் தொட்டுத் தொட்டுக் கீழே போட்டுக்கொண்டிருந்தபோது, பதினேழு கட்டுப்படுத்த ஆள் இல்லாத கல்யாண வீட்டுச் சின்னமாமா மாதிரி அள்ளி அள்ளித் தின்றது. பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் கட்டியிருந்தது. எட்டாவது ஸ்லைடு அதன் மூளை. அது திரையில் விழுந்தபோது, நான் சொன்னேனே, மச்சான் கை தூக்கினார்.

“ஒரு டவுட்டும்மா. எல்லாப் படத்துலயும் ஓரமா ஒரு சின்ன வெட்டு கீது. அது ஒரு பக்கம் கீது. வெளுத்தாப்புல கீற திட்டு எதிர்ப்பக்கம் கீது. இந்தப் படத்துல மட்டும் ரெண்டும் ஒரே ஊட்ல குடித்தனம் பண்ணுதே, அது இன்னாத்துக்கு?”

ஹாலில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சின்ன வெட்டு என்னுடையது. தோசையைத் திருப்பிப் போட்டாலும் தோசைதான். மூளைச் சீவல் அப்படி இல்லை. தண்ணீரில் மிதக்கும்போது புரண்டுவிட்டால் இடது எது வலது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் சீவுவதற்கு முன்னாலேயே, முழு மூளையின் வலது பாதியில் ஊசியால் ஒரு கீறல் போட்டுவிடுவேன். கீறல் எந்தப் பக்கமோ அது வலது. வெளுத்த திட்டுதான் பழுதாக்கிய இடம், அது எப்போதும் எதிர்ப்பக்கம், இடதில் இருக்க வேண்டும்.

“ஸ்லைடு புரண்டு உட்கார்ந்திருக்கும்” என்று சொல்லி, எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

“ரெண்டும் ஒண்ணா சேந்து அந்தாண்ட பூட்ச்சு, அவ்ளோதான்” என்றார் மச்சான். “அட இன்னா மச்சான், நீ சட்டையைத் திருப்பிப் போட்டுகினா பாக்கெட்டும் பொத்தானும் பிரிஞ்சா பூடும்?”

டாக்டர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி. அவ்வளவு நீளமான வண்டியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அது போய் முடிந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: “ரெண்டுல ஒண்ணுதான். இவர் கீறலைத் தப்பான பக்கம் போட்டிருக்கணும். அப்படின்னா ஒண்ணும் மோசமில்லை, எலி சரியா இருக்கு. இல்லைன்னா நாம மூளையோட வலது பக்கத்தைப் பழுதாக்கியிருக்கணும். அப்படின்னா பதினேழோட வலது கைக்கு ஒண்ணுமே ஆகலை, அந்த நாலு நாளும் வெறும் ஆபரேஷன் அசதி.”

அக்கா மணியைக் கீழே வைத்தார். “அப்பம், சீக்கே வராதவன் சுகமாயிட்டேன்னு சபையில சாட்சி சொன்ன கதையால்லா இருக்கு!”

இந்தத் தடவை டாக்டரே சிரித்துவிட்டார். ஆய்வு மாணவியைத் தவிர எல்லோரும் சிரித்தோம். அவர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாவது ஸ்லைடையே பார்த்துக்கொண்டு நின்றார். நீல விரிப்பில் அந்த வெள்ளைத் திட்டும் என் கீறலும் அண்ணன் தம்பி மாதிரி அக்கம்பக்கமாக இருந்தன.

மச்சானுக்குச் சங்கடமாகிவிட்டது. “நான் இன்னாமோ வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கினேன்மா. வுடு, யாரு இதெல்லாம் பாக்கப் போறாங்கோ?”

“நீங்க பார்த்தீங்களே அண்ணே” என்றார் அவர்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. அந்த வழியும் என்னிடமே இருந்தது. மூளையை எடுத்த பிறகு மண்டையோட்டைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. ஸ்பிரிட் ஊற்றி, நம்பர் எழுதி, வீட்டில் காலியான ஊறுகாய் பாட்டில்களில் போட்டு அலமாரியில் அடுக்கிவிடுவேன். “மியூசியம் எப்போ திறப்பு விழா?” என்று டாக்டர் கேலி செய்வார். மூளையைப் பழுதாக்க மண்டையோட்டில் துளை போட்டுத்தானே ஆக வேண்டும்? துளை எந்தப் பக்கம் என்று மண்டையோடு சொல்லிவிடும். கீறல் பொய் சொல்லலாம், துளை சொல்லாது.

கறிக்குழம்பு யாருக்கும் இறங்கவில்லை. மச்சானுக்கு மட்டும் இறங்கியது. டாக்டரும் ஆய்வு மாணவியும் நானும் ரயில் பிடித்தோம். ஞாயிறு மதியத்து வண்டி, உட்கார இடம் இருந்தது. டாக்டர் வறுத்த கடலை வாங்கி எங்களுக்கும் நீட்டினார். அம்பத்தூர் தாண்டியபோது, “பாட்டில்ல என்ன இருக்கோ அதுதான் பேச்சு. நீங்க ரெண்டு பேரும் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னா நீங்க என் மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க” என்றார். சென்ட்ரலில் இறங்கி நேரே வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ரயிலில் வேறொன்று செய்துகொண்டிருந்தேன். சட்டைப்பை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பதினேழுக்கு ஆபரேஷன் நடந்த நாளில் யாராவது எதையாவது சொல்லியிருப்பார்கள் அல்லவா? சொல்லியிருந்தார்கள். ஆய்வு மாணவியே சொல்லியிருந்தார்: ‘இன்னிக்கு எலிக்கு மயக்க மருந்து, நமக்குக் குடை.’ அதன் கீழே என் கையெழுத்தில், ‘ஐப்பசி மழை, கூரை ஒழுகல், பதினேழு.’

படித்ததும் எல்லாம் கண்முன் வந்துவிட்டது. ஆபரேஷன் மேஜைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. நான் வாளியை வைத்தேன். போதவில்லை. மேஜையை அப்படியே இழுத்து, எலியின் வால் பக்கம் சுவரை ஒட்டும்படி போட்டேன். எப்போதும் எலியின் வால் பக்கம் உட்கார்ந்து வேலை செய்கிற ஆய்வு மாணவி, அன்றைக்கு மூக்குப் பக்கம் உட்கார வேண்டியதாயிற்று. வால் பக்கம் இருந்து பார்த்தால் எலியின் இடது நமக்கும் இடது. எதிரே உட்கார்ந்தால் எல்லாம் மாறிப்போகும், எதிரே நிற்பவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிற மாதிரி. ஆயிரம் தடவை இடது பக்கம் போய்ப் பழகிய கை அன்றைக்கும் தன் இடது பக்கம் போயிருக்கும். மறுநாள் மழை விட்டது, மேஜையைப் பழைய இடத்தில் போட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

அப்படியானால் பாட்டிலைத் திறக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ‘ஆமாம்மா, நான்தான் மாத்திக் கீறிட்டேன்’ என்று ஒரு வார்த்தை. பத்தாவது படித்தவன் கை தவறியது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். பதினேழு ராஜாவாகவே இருக்கும். அவர் புதன்கிழமை கைதட்டல் வாங்குவார். அவர் வீட்டிலும் கொஞ்ச நாளைக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் அந்தப் பொய்யை மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலும் நன்றாகவே இருந்தன.

அப்படித்தான் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்றோம். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தது அவர்தான். மூடிமேல் கையை வைத்துக்கொண்டுதான் முதலில் சொன்னேனே, அதைக் கேட்டார்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். லேபிளில் ஒரு பாதி நான் எழுதிய ‘17’. மறுபாதியில் இன்னும் கிழியாத ஓர் எலுமிச்சம்பழப் படம். ரயிலில் ஒத்திகை பார்த்த நாலு பொய்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“நான் கீறலை மாத்தலம்மா” என்றேன். “மேஜையைத்தான் மாத்தினேன்.”

“எந்த மேஜையை?”

நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். குடையைப் படித்தார், மழையைப் படித்தார், பதினேழைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்றைக்கு உட்கார்ந்த பக்கத்தில் உட்கார்ந்தார். துளைக்கருவியைப் பிடிக்கிற மாதிரி கையை வைத்து, இல்லாத எலியின் தலைக்குமேல் கொண்டுபோனார். இடது பக்கம் போனார். நிறுத்தினார். எழுந்து சுற்றி வந்து, மறுபக்கம் நின்று அதே இடத்தைப் பார்த்தார்.

“வாளி வைக்கிறேன் வாளி வைக்கிறேன்னு நீங்க குறுக்க குறுக்க வந்தீங்க” என்றார்.

“ஆமாம்மா.”

“நான்கூடத் திட்டினேன்.”

“அதுவும் நோட்டுல இருக்கு.”

மூடியைத் திருகினார். சிக்கிக்கொண்டிருந்தது, முந்தானையால் பிடித்துத் திருகினார். இடுக்கியால் மண்டையோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூக்கு தன்னைவிட்டு அப்பால் பார்க்கும்படி திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டினார். துளை வலது பக்கம் இருந்தது. சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத துளை.

அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன். அவர் மண்டையோட்டைப் பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகி, அலமாரியில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். ஸ்லைடுத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, எட்டாவது இடத்தில் இருந்ததை எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தார். “இந்தத் தப்புலேருந்துதான் அண்ணே பேச்சை ஆரம்பிக்கப் போறேன்” என்று சொல்லி, முதல் இடத்தைக் காலி செய்து அங்கே தலைகீழாகச் செருகினார்.